கீழ்க்கரை வந்தாச்சா?

செருப்பைக் கழட்டிட்டு வாங்க தம்பி. பிள்ளையார் இருக்காருல்லா. கேமராவைத் தூக்கிப் பிடிக்கத் தெரியுது, குனிஞ்சு தரையைப் பாக்கத் தெரியலை. படிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் வாறாங்க. அந்தக் கல்லுல உக்காராதீங்க, ஆடும். இதுல உக்காருங்க.

டீக்கடையில சொன்னாங்க. ஒருத்தர் வந்திருக்காரு, தொட்டிப்பாலத்துப் பக்கத்துல பலகை வைக்கப் போறாங்களாம், அதுல எழுதுறதுக்குச் சரித்திரம் கேட்டு அலையுதாருன்னு. நீங்கதானே? பலகை! பாலம் நின்னுக்கிட்டு இருந்த காலம் பூரா ஒரு பய பலகை வைக்கலை. விழுந்த பொறவு வைக்காங்களாம். நல்லா இருக்கு உங்க ஆபீசு.

யார்கிட்ட கேட்டீங்க? டீக்கடைக்காரன்கிட்டயா? அவன் ஒரு ஆளா தம்பி? இது அவன் பொண்டாட்டி ஊரு. மாமனார் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு இங்கயே தங்கிட்டான். இப்ப அவனும் நொச்சிமடைக்காரன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதான். வந்து நின்னாப் போதுமா? இந்தக் கரையில பொறக்கணும். வந்து நின்னவன்லாம் கரைக்காரன்னா, அந்தா ஓடையில மேயுதே எருமை, அதுவும் கரைக்காரன்தான். நல்லா எழுதிக்கிடுங்க, அவன் சொன்னதை எல்லாம் அடிச்சுருங்க. என் பேரு குத்தாலிங்கம். இந்தப் பாலத்துல மொதத் தேங்காய் உடைக்கிற உரிமை எங்க வீட்டுக்கு. பலகையில அது வந்தாகணும். மத்தது உங்க இஷ்டம்.

இந்தக் கால்வாய் எங்க ஊரு வயலுக்கெல்லாம் பாஞ்சிட்டு இந்த ஓடையில வந்து முட்டும். ஓடை பள்ளம். அந்தக் கரையில புங்கனேரி. அவனுக்குத் தண்ணி போகணும்னா ஓடைக்கு மேல தூக்கிக்கிட்டுத்தான் போகணும். அதுக்குத்தான் வெள்ளைக்காரன் காலத்துல கல்தூண் எழுப்பி, வளைவு கட்டி, மேல செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு நீளத் தொட்டி கட்டினாங்க. கீழ ஓடைத் தண்ணி அது பாட்டுக்குப் போகும். மேல கால்வாய்த் தண்ணி குறுக்க போகும். இப்ப நீங்க பாக்குறது மிச்சம். இந்தப் பக்கம் ரெண்டு வளைவுக் கண்ணு நிக்குது, அந்தப் பக்கம் ஒண்ணு நிக்குது. நடுவுல எல்லாம் போச்சு.

கட்டி முடிச்சு மொதத் தண்ணி விட்ட அன்னிக்கு, துரை குதிரையில உக்காந்துக்கிட்டு வேர்த்து ஒழுகினானாம். தொட்டி தாங்குமோ தாங்காதோன்னு பயம். கட்டினவனுக்கே நம்பிக்கை இல்லை பாருங்க. அப்ப எங்க பாட்டனுக்குப் பாட்டன் தொட்டி வாயில ஏறி நின்னு, அந்தக் கரையைப் பாத்துச் சத்தம் குடுத்தாரு. "கீழ்க்கரை வந்தாச்சா?" அந்தக் கரையில நின்ன புங்கனேரிக்காரன், "வந்தாச்சு, உடையும்!"னான். அவன் உடைக்கச் சொன்னதும் தேங்காய் மட்டையை உரிச்சு உடைச்சாரு. தண்ணி போச்சு. தொட்டி நின்னுது. துரை இறங்கி வந்து கையைப் பிடிச்சுக் குலுக்கினான்.

அதுல இருந்து வழக்கம். ஆனி மாசம் மொதத் தண்ணி தொட்டிக்குள்ள ஏறும்போது எங்க வீட்டு ஆம்பளை கேக்கணும், அவன் பதில் சொல்லணும், பதில் வந்த பொறவுதான் மட்டையை உரிச்சு உடைக்கணும். ஒரு மூடி எங்களுக்கு. மறு மூடியைத் தண்ணியிலயே விடணும். அது மிதந்துக்கிட்டே தொட்டி வழியா அந்தக் கரைக்குப் போகும். அவன் எடுத்துக்கிடணும். ஆள் யாருமே வரலைன்னா நாங்க பாட்டுக்கு உடைக்கலாம், தப்பில்லை. ஆனா வந்து நின்னுக்கிட்டுப் பதில் சொல்லலைன்னா உடைக்கக் கூடாது. அவனுக்கு எங்க மேல்கரை மேல ஏதோ குறை இருக்குன்னு அர்த்தம். அதைக் கேட்டுத் தீத்துட்டுத்தான் தேங்காயைத் தொடணும். இதை எழுதிட்டீங்களா? இதுதான் முக்கியம்.

என் தங்கச்சி ஆவுடையை அந்தக் கரையிலதான் குடுத்தோம். மாப்பிள்ளை பேரு உலகநாதன். ஆள் பாக்க ஐயனார் மாதிரி இருப்பான், உள்ள ஒண்ணும் கிடையாது. கல்யாணமாகிப் போன பொறவு வருசா வருசம் பதில் சொல்லவும் மூடி எடுக்கவும் ஆவுடைதான் வந்து நிப்பா. சேலையை இழுத்துச் சொருகிக்கிட்டுத் தொட்டிக்குள்ள இறங்கிருவா. மூடி வந்ததும் எடுத்து, அங்க இருந்தே எனக்கு ஆட்டிக் காட்டுவா. சின்னப்பிள்ளை மாதிரிச் சிரிப்பா. அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கும். சரி, அதெல்லாம் பலகைக்கு வேண்டாம்.

நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்தது. உலகநாதனுக்குத்தான் புத்தி கெட்டுப் போச்சு. ஒரு வருசம் வந்து சொல்லுதான், "மச்சான், தொட்டிக்குள்ள தூர் வாருறது எங்க ஊரு. ஓட்டையை அடைக்கிறது எங்க ஊரு. வருசத்துக்கு வருசம் மாத்தி மாத்தி உடைப்போம். ஒரு ஆனி நீங்க, ஒரு ஆனி நாங்க"ன்னு. எப்படி இருக்கு? தூர் வாருனவனுக்குத் தேங்காயா? தண்ணி அவனுக்கு வேணும், அவன் வாருதான். நாங்க எதுக்கு வாரணும்? எங்க வயலு பாலத்துக்கு முன்னாலயே பாஞ்சு முடிஞ்சிரும். பாலம் இருந்தாலும் போனாலும் எங்களுக்கு ஒரு சொட்டுக் குறையாது. அப்படி இருந்தும் வருசா வருசம் வெயில்ல வந்து நின்னு அவனுக்காகத் தேங்காய் உடைச்சுக் குடுக்கோம். அந்த நன்றி இருக்கா?

நான் சும்மா இருப்பனா? அப்ப இந்தத் தூணு இடுக்குல ஒரு அரசங்கன்னு முளைச்சிருந்தது. இந்தா, இப்ப நீங்க நிழலுக்கு உக்காந்திருக்கீங்களே, இதேதான். அன்னிக்கு முழங்கை உயரம். புங்கனேரிக்காரங்க தூர் வாரும்போது பிடுங்கிப் போடுறதுக்கு வந்தாங்க. நான் மொத நாளே வந்து அடியில இந்தப் பிள்ளையாரை வச்சுட்டேன். கல்லு எங்க வீட்டுக் கிணத்தடியில கிடந்தது. மஞ்சத் துணி கட்டி, விளக்குப் போட்டாச்சு. இனி எவன் பிடுங்குவான்? பிள்ளையார் எங்க வீட்டுப் பிள்ளையார். பிள்ளையாருக்கு முன்னால உடைக்கிற தேங்காயை வேற எவன் உடைப்பான்? கோர்ட்டுக்குப் போனாலும் நிக்கும். என் மூளை எப்படி?

அன்னாடம் சாயங்காலம் ஒரு குடம் தண்ணி கொண்டாந்து ஊத்துவேன். அது சரசரன்னு ஏறிச்சு. சுண்ணாம்புக்கும் அரசுக்கும் அப்படி ஒரு ஒட்டு.

உலகநாதன் மூஞ்சி தொங்கிப் போச்சு. ஆனா அவனையும் லேசுல சொல்லிரக் கூடாது. அடுத்த ஆனியில என்ன செஞ்சான் தெரியுமா? மேளத்தோட வாறான். தலையில சொளகு, சொளகுல வேப்பங்கன்னு. அரசுக்கு வேம்பைக் கட்டி வைக்கணும், தனி அரசு ஊருக்கு ஆகாதுன்னு பேசுதான். சாத்திரம் பேசுதான் என்கிட்ட! வேம்பு பொண்ணு, அரசு மாப்பிள்ளை. பொண்ணு புங்கனேரிப் பொண்ணு. அப்ப புங்கனேரி சம்பந்தி ஊரு ஆயிருமா இல்லையா? சம்பந்திக்குத் தேங்காயில பாதி உரிமை உண்டா இல்லையா? அந்த வழியில வாறான் பய.

மாட்டேன்னு சொல்ல முடியுமா? நல்ல காரியத்தைத் தடுத்தவன்னு பேரு வரும். அதே இடுக்குல, கடப்பாரையால தோண்டி, வேம்பை நட்டாங்க. தாலி கட்டினோம். ரெண்டு ஊருக்கும் சாப்பாடு, தொட்டிக்குள்ளயே பந்தி. தண்ணி வர்றதுக்கு முன்னால காய்ஞ்சு கிடந்துதுல்லா, வரிசையா இலை போட்டு உக்காத்தி வச்சோம். அப்படி ஒரு பந்தியை நீங்க பாத்திருக்க மாட்டீங்க. ஆவுடை மட்டும் சாப்பிடலை. கடப்பாரை போன எடத்தைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே நின்னா. அவளுக்கு நல்ல நாள்லகூட முகம் மலராது.

அந்த வருசந்தான் கசிவு கூடுச்சு. நீங்க உடனே எழுதாதீங்க, நான் சொல்லி முடிக்கட்டும். கசிவு எப்பவும் உண்டு. பழைய சுண்ணாம்பு. வெள்ளைக்காரன் என்ன ஒழுங்காவா கட்டியிருப்பான்? நம்ம ஊரு, கட்டினாப் போதும்னு கட்டியிருப்பான். புங்கனேரிக்காரங்க களிமண்ணை வச்சு அடைப்பாங்க, அது பிதுங்கிக்கிட்டு வெளிய வரும். அடைக்கத் தெரியலை. அதுக்கு மரம் என்ன செய்யும்?

ஒரு சின்ன இஞ்சினியர் வந்தான். மீசை சரியா முளைக்கலை. கூட ரம்பத்தோட ஆளுங்க. வேர் தொட்டி அடியிலயே நடுத்தூண் வரைக்கும் ஓடியிருக்கு, மரத்தை எடுக்கலைன்னா பாலம் நிக்காதுன்னு புத்தகத்தைப் பாத்து ஒப்பிக்கிற மாதிரிச் சொன்னான். நான் மரத்துக்குக் குறுக்க போய் நின்னேன். என் பக்கத்துல யாரு வந்து நின்னான்னு நெனைக்கீங்க? உலகநாதன்! துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு, "எங்க பொண்ணு மேல கை வச்சுப் பாரும்வே"ங்கான். வேம்பைச் சொல்லுதான். எங்க ரெண்டு பேருக்கும் தோளோட தோள் இடிச்சுது. இஞ்சினியர் பய போன வேகத்துல ஒரு செருப்பைக் கீழ ஓடையில விட்டுட்டுப் போயிட்டான். நானும் மாப்பிள்ளையும் அன்னிக்குச் சிரிச்ச சிரிப்பு! நாங்க சேந்து சிரிச்சது அந்த ஒரு நாள்தான்.

அதுக்குப் பொறவு ஒரு மத்தியானம் ஆவுடை வந்தா. தனியா. கையில அருவா. நான் வெளக்குல திரி போட்டுக்கிட்டு இருக்கேன், என்னைப் பாக்காத மாதிரி நேரா மரத்துக்குப் போறா.

"ஏட்டி, என்ன செய்யப் போற?"

"வெட்டப் போறேன்."

"பைத்தியமா பிடிச்சிருக்கு? பிள்ளையார் இருக்காரு."

"அண்ணே, பிள்ளையாரை நான் தூக்கிட்டுப் போயி என் வீட்டுல வச்சுக் கும்பிடுதேன். தொட்டிக்குள்ள கையை விட்டுப் பாரு, என் மணிக்கட்டுத் தண்டிக்கு வேர் கிடக்கு. உனக்கு இந்தப் பாலம் தேங்காய் உடைக்க. எங்களுக்குச் சோறுண்ணே. உங்க ரெண்டு பேரு வீம்புக்கு எங்க ஊரு வயலைக் காயப் போடாத."

எப்படிப் பேசுதா பாருங்க. பொறந்த வீட்டு உரிமையை அண்ணன் காப்பாத்திக்கிட்டு இருக்கேன், அதுக்கு வீம்புன்னு பேரு வைக்கா. அருவாளைப் பிடுங்கி ஓடையில எறிஞ்சேன். பிடுங்கின வேகத்துல அவ உள்ளங்கை கிழிஞ்சு ரத்தம். நான் வேணும்னா கிழிச்சேன்? அவ விட்டிருக்கணும். சேலைத் தலைப்பைச் சுத்திக்கிட்டு, தொட்டி மேலயே நடந்து அந்தக் கரைக்குப் போனா. திரும்பிப் பாக்கலை. அந்தத் தொட்டி மேல கடைசியா நடந்தது அவதான்னு நெனைக்கேன்.

அந்த ஐப்பசியில மழை பெஞ்சுது பாருங்க. ஓடையில மரமும் கல்லும் உருண்டு வந்தது. விடிஞ்சு வந்து பாத்தா நடுவுல ஒண்ணுமில்லை, ஆகாசந்தான் இருக்கு. அவ்வளவுதான். மழை தம்பி. மழையை யாரு என்ன சொல்ல முடியும்? டீக்கடைக்காரன் மரம்னு சொல்லியிருப்பான். விழுந்த கண்ணுல ஒண்ணுலயாவது மரம் இருந்துதா? மரம் இருந்த தூணு நிக்குதா இல்லையா? இந்தா பாருங்க, வேர் எப்படிக் கட்டிப் பிடிச்சிருக்கு. நான் தண்ணி ஊத்தி வளத்ததுனாலதான் இதாவது மிஞ்சியிருக்கு. இல்லைன்னா உங்க பலகையை எங்க நடுவீங்க?

கீழ ஓடையில ஒரு துண்டு தொட்டி கவுந்து கிடக்கும், பாத்திருப்பீங்க. அதுல வேர் நீட்டிக்கிட்டு இருக்கும். அது வேற ஏதாவது வேரா இருக்கும். ஓடையில வேர் கிடக்காதா?

இப்ப ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா கார்ல வாறாங்க. கல்யாணம் நிச்சயமான பையனும் பொண்ணும் இந்த வேருக்கு நடுவுல நின்னு கட்டிப் பிடிச்சுப் போட்டோ எடுக்காங்க. கூலிங்கிளாசு போட்டுக்கிட்டுப் பிள்ளையார் தலையில காலை வைக்கப் போனான் ஒருத்தன். எடுத்தேன் கம்பை. இது என்ன பாலம், எதுக்குக் கட்டினான், ஒரு வார்த்தை கேக்கறது கிடையாது. மரம் சூப்பரா இருக்கு அங்கிள்னு சொல்லிட்டுப் போறாங்க. மரம் சூப்பராம்.

புங்கனேரியா? போச்சு. தண்ணி இல்லாம வயல் எல்லாம் உடைமரம், முள்ளுக்காடு. ஆபீசுல மனு மேல மனு குடுத்தாங்க, ஒருத்தனும் திரும்பிப் பாக்கலை. ஒவ்வொரு வீடா கதவைப் பூட்டிட்டுப் போனாங்க. உலகநாதன் கோயமுத்தூர்ல ஏதோ மில்லு வாசல்ல காவலுக்கு நின்னானாம். ஐயனார் மாதிரி ஆளு, காக்கிச் சட்டை போட்டு, போற கார் வாற காருக்கெல்லாம் சல்யூட்டு. கேள்விப்பட்டப்ப எனக்குச் சிரிப்பா வந்துது. பொறவு சோறு இறங்கலை.

அவன் செத்துப் போனதையும் கேள்விதான் பட்டேன். பஸ்சுல எவனோ சொன்னான். என் வீட்டுக்குச் சொல்லி விடலை. தங்கச்சி புருசன் செத்ததுக்கு அண்ணன் வீட்டுக்குச் சொல்லி விடலை தம்பி! பொறந்த வீட்டுக் கோடித்துணி இல்லாமலே எடுத்திருக்காங்க. எதிரி வீட்டுக்குக்கூடச் சாவு சொல்லுவாங்க. அப்படி என்ன நான் செஞ்சிட்டேன்? நீங்களே சொல்லுங்க, இவ்வளவு நேரம் கேட்டீங்களே. நான் என்ன செஞ்சேன்?

சரி விடுங்க. நான் என் வழக்கத்தை விடலை. ஆனி பொறந்து தண்ணி தொறந்ததும் வந்துருவேன். எங்க வயலுக்குப் பாஞ்சது போக மிச்சத் தண்ணி இது வரைக்கும் வந்து, அந்தா அந்த உடைஞ்ச வாய் வழியா ஓடையில விழும். நான் தொட்டியில நின்னு கேப்பேன், "கீழ்க்கரை வந்தாச்சா?" அங்க யாரும் இருக்க மாட்டாங்க. யாரும் இல்லைன்னா உடைக்கலாம்ல. உடைப்பேன். மறு மூடியைத் தண்ணியில விடுவேன். அது போய் அந்த வாயில ஒரு சுத்துச் சுத்திட்டு ஓடையில விழுந்துரும். பங்கு கேக்க ஒருத்தன் இல்லை. உரிமை பூராவும் எனக்குத்தான். ஜெயிச்சது யாரு? பலகையில போடுங்க.

போன ஆனியில என்ன ஆச்சுன்னா, நான் வந்து ஏறி நிக்கேன், அந்தக் கரையில ஒரு உருவம். கண்ணுக்குச் சரியாத் தெரியலை. ஆனா இடுப்புல ஒரு கையை ஊனிக்கிட்டு நிக்கிற நிப்பு தெரியாதா எனக்கு? ஆவுடை. உத்துப் பாத்தா நெத்தியில ஒண்ணும் இல்லை, கழுத்துல ஒண்ணும் இல்லை. தலை வெளுத்துப் போச்சு. எதுக்கு வந்தாளோ. வீட்டைப் பாக்க வந்தாளோ, வித்துட்டுப் போக வந்தாளோ. தண்ணி என் காலை நனைச்சிட்டுது.

கேட்டேன். "கீழ்க்கரை வந்தாச்சா?"

பேசலை. காது கேக்கலையோன்னு இன்னும் சத்தமாக் கேட்டேன். என்னையே பாத்துக்கிட்டு நிக்கா. தொண்டை கட்டுற மட்டும் கேட்டேன் தம்பி, இந்த ஓடை பூரா எதிரொலிக்குது. ஒரு வார்த்தை சொன்னா வாயில இருந்து முத்தா உதிர்ந்துரும்? அண்ணாந்து மரத்தைப் பாத்தா, அரசையும் வேம்பையும். பொறவு திரும்பிப் போயிட்டா. திமிரு. அப்பன் வீட்டுல செல்லம் குடுத்து வளத்த திமிரு.

வந்து நின்னாச்சு, பதில் இல்லை. அப்ப உடைக்கக் கூடாதுல்லா. காயைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போனேன். என் ஆயுசுல உடைக்காம திரும்பினது அந்த வருசந்தான். அந்தக் காய் அடுப்படி மூலையில கிடக்கு. மட்டையோட கிடந்ததா, முளை விட்டுட்டுது. வீட்டுக்காரி கொல்லையில நட்டு வைங்கன்னு சொல்லுதா. சாமி காயை நடலாமா? முளைச்ச காயை உடைக்கலாமா? அது கிடக்கும்போது புதுக் காய் எடுக்கலாமா? இதெல்லாம் கேக்கணும்னா புங்கனேரியில விவரம் தெரிஞ்ச ஆளு இருக்கணும், ஒருத்தனையும் காணோம்.

நாளைக்குத் தண்ணி தொறக்காங்க தம்பி. நீங்க இருப்பீங்கள்லா? பலகைக்குப் படம் வேணும்லா. ஒண்ணு செய்யுங்க. ரோட்டுப் பாலம் வழியாச் சுத்தி அந்தக் கரைக்குப் போயிருங்க. அந்த ஒத்தைத் தூணுகிட்ட நில்லுங்க. நான் கேப்பேன். "வந்தாச்சு, உடையும்"னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும், காய் உடைஞ்சிரும். உங்களுக்கு எந்த ஊரு? எந்த ஊரா இருந்தா என்ன, அந்தக் கரையில வந்து நின்னவன் அந்தக் கரைக்காரன்தான். யாரு கேக்கப் போறா?

ஆனா ஒண்ணு. அங்க ஆவுடை வந்து நின்னான்னா நீங்க வாயைத் தொறக்காதீங்க. கொஞ்சம் தள்ளி நின்னுக்கிடுங்க. அவ சொல்ல மாட்டா, திமிரு பிடிச்சவ, எனக்குத் தெரியும். இருந்தாலும் நீங்க தள்ளியே நில்லுங்க. நான் கேட்டுப் பாக்கேன்.